லெவல் முதலில், இலை பிறகு: லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்க நினைப்போருக்கு

"லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கப் போறேன்" என்று சொன்னதும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "தோட்டம் போடுறதுக்கு எதுக்குக் காலேஜ்?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. செடி நடப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் ஓர் ஏக்கர் நிலத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. அது எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், யார் வீட்டு வாசலில் ஏறும் என்பதை நிலத்தில் கை வைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டுமானால் படிக்கத்தான் வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. தண்ணீரின் வழியைக் கேட்காமல் கட்டிய இடங்கள் என்ன ஆயின என்று சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நிலத்தின் மட்டம், அதில் ஓடும் நீர், நீரை உறிஞ்சும் மண், மண்ணில் நிற்கும் மரம், மரத்தடியில் உட்காரும் மனிதர். இந்தத் துறையின் வேலை இந்த வரிசையில்தான் நடக்கிறது. வரிசையைத் தலைகீழாக்கி, பூவில் தொடங்கிப் படிக்கிறவர்கள் பாதி வழியில் சலித்துப்போகிறார்கள். கல்லூரி தேடும் நாள் முதல் வேலையில் காலூன்றும் நாள் வரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதைக் கட்டம் கட்டமாகப் பார்ப்போம்.

1. சேர்வதற்கு முன்

செய்ய வேண்டியவை

- பாதை எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் இது பெரும்பாலும் முதுகலைப் படிப்பு. ஐந்து ஆண்டு பி.ஆர்க். முடித்து, அதன்மேல் இரண்டு ஆண்டு லேண்ட்ஸ்கேப் படிப்பதே வழக்கமான பாதை. பி.ஆர்க்.கில் சேர நாட்டா தேர்வு எழுத வேண்டும். திருச்சி என்.ஐ.டி., டெல்லி, போபால், விஜயவாடா எஸ்.பி.ஏ. (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. மெயின் தேர்வின் இரண்டாம் தாள். முதுகலைக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி, டெல்லி, போபால் எஸ்.பி.ஏ.க்கள், அகமதாபாத் செப்ட், புனேயில் பெண்களுக்கான பி.என்.சி.ஏ. ஆகியவை தெரிந்த பெயர்கள். கேட் தேர்வில் 'ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங்' என்று தனித் தாளே இருக்கிறது, பி.ஆர்க். கடைசி ஆண்டிலேயே அதை எழுதிவிடுங்கள்.

- கல்லூரியின் ஆண்டுக் கண்காட்சிக்குப் போங்கள். சுவரில் மாட்டியிருக்கும் மாணவர் வேலைகளை நின்று பாருங்கள். நிலத்தை வெட்டிக் காட்டும் செக்‌ஷன், சம உயரத்தைக் காட்டும் கான்டூர் கோடுகள், தண்ணீர் ஓடும் திசைக்கான அம்புக்குறிகள் இருந்தால் அங்கே ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்கள். எல்லாப் படத்திலும் மாலை வெயிலும் பறக்கும் பலூனும் மட்டுமே இருந்தால் யோசியுங்கள்.

- முதலாண்டுச் செலவை வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். கட்டணம் ஒரு பக்கம். மாடல் செய்யும் அட்டை, பெரிய தாள்களில் பிரின்ட், நல்ல லேப்டாப், ஸ்டடி டூர் ஆகியவை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கணக்கைப் பலர் சேர்ந்த பிறகுதான் போடுகிறார்கள்.

செய்யக்கூடாதவை

- தோட்டக்கலைப் பட்டத்தையும் இதையும் ஒன்றாக நினைக்காதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் மலரியல் துறையின் பெயரிலும் 'லேண்ட்ஸ்கேப்' என்ற சொல் உண்டு. அது வேளாண் அறிவியல் வழியில் வரும் அருமையான படிப்பு. செடியின் உடலியல், நோய், உரம், நாற்று உற்பத்தி எல்லாம் அதில் ஆழமாக வரும். ஆனால் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு ஆர்க்கிடெக்ட் ஆக முடியாது. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவர்தான் அந்தப் பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளலாம். உங்களுக்குச் செடியே முக்கியம், கட்டடத்தில் ஆர்வமில்லை என்றால் கோவை வழிதான் உங்கள் வழி. அதைத் தெரிந்து தேர்ந்தெடுங்கள். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

- பிளஸ் டூவில் கணிதத்தை விடாதீர்கள். கணிதம் இல்லாமல் பி.ஆர்க். கிடையாது. "எனக்கு டிராயிங் நல்லா வரும்" என்பது நல்ல தொடக்கம், நுழைவுச்சீட்டு ஆகாது.

- கவுன்சில் அங்கீகாரத்தைச் சரிபார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலைக் கவுன்சிலே வெளியிடுகிறது. ஏஜென்ட் காட்டும் கையேட்டை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

2. படிக்கும் காலத்தில்

செய்ய வேண்டியவை

- லெவல் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சர்வேயர் தரும் டிராயிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், ஒரு முறையாவது டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவிக்குப் பின்னால் நின்று நீங்களே புள்ளிகள் எடுத்து, கான்டூர் வரைந்து பாருங்கள். கல் பாவிய தரைக்கு 100-க்கு 1 முதல் 2 வரை சரிவு வேண்டும். சக்கர நாற்காலிச் சாய்தளம் 12-க்கு 1-ஐத் தாண்டக்கூடாது. இந்த எண்கள் கண்ணில் பதிந்துவிட்டால் எந்தத் தெருவில் நடந்தாலும் தண்ணீர் எங்கே நிற்கும் என்று சொல்லிவிடுவீர்கள்.

- ஏரியைப் பாடமாகப் படியுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து ஏரியின் கரையைச் சுற்றி நடங்கள். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மதகு எந்த மட்டத்தில் இருக்கிறது, கலங்கல் வழியாக வழியும் நீர் அடுத்த எந்த ஏரிக்குப் போகிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். மேலூர் ஏரி நிரம்பிக் கீழூர் ஏரிக்குப் போகும் சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது, அங்கே இப்போது என்ன கட்டடம் நிற்கிறது என்பதையும் குறியுங்கள். முதல் செமஸ்டர் மாணவர் செய்யக்கூடிய, மதிப்பீட்டு ஜூரியில் யாரும் குறை சொல்ல முடியாத வேலை இது. மழைநீரை உறிஞ்சித் தேக்கும் 'ஸ்பாஞ்ச் பார்க்' என்று இன்று சென்னை மாநகராட்சி கட்டுபவற்றின் அடிப்படைக் கணக்கும் இதில்தான் இருக்கிறது.

- சில மரங்களை ஆண்டு முழுவதும் கவனியுங்கள். புங்கை எப்போது இலை உதிர்க்கிறது, எத்தனை நாளில் தளிர்க்கிறது, சரக்கொன்றை பூக்கும்போது இலை எவ்வளவு மிஞ்சுகிறது, மகிழமரத்து நிழல் நண்பகலில் எவ்வளவு அடர்த்தி என்று நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பஸ் ஸ்டாப்பில் நிழல் வேண்டிய மாதம் சித்திரை. அந்த மாதத்தில் மொட்டையாக நிற்கும் மரத்தை அங்கே வைத்தால், டிராயிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் பஸ்ஸுக்கு நிற்பவர் உங்களைத் திட்டுவார்.

- நர்சரிக்குப் போங்கள். தமிழ்நாட்டுப் பெரிய வேலைகளுக்கு வரும் செடிகளில் கணிசமானவை ஆந்திராவில் ராஜமுந்திரி அருகே உள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருகின்றன. எந்த அளவுப் பையில் எந்த உயரக் கன்று கிடைக்கும், பைக்குள்ளேயே வேர் சுருண்டுபோன கன்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் வகுப்பறைக்கு வராது. வேர் சுருண்ட கன்று நட்ட ஆண்டில் பச்சையாகவே இருக்கும். சில ஆண்டு கழித்துக் காற்றில் சாயும்.

- நில வரைபட மென்பொருளான ஜி.ஐ.எஸ். பழகுங்கள். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் எல்லோருக்கும் தெரியும். க்யூ.ஜி.ஐ.எஸ். இலவசம். நீர்ப்பிடிப்புப் பகுதி, மண் வகை, பழைய நில வரைபடம் ஆகியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படிக்கும் முறையை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் இயன் மெக்ஹார்க் 1969-இல் தம் புத்தகத்தில் வற்புறுத்தினார். அன்று டிரேசிங் தாளில் செய்ததை இன்று உங்கள் லேப்டாப் செய்யும்.

செய்யக்கூடாதவை

- ஐந்திணையை அலங்காரத்துக்கு இழுக்காதீர்கள். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் ஆண்டுதோறும் ஒரு தீசிஸாவது குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று சைட்டை ஐந்து கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பலகை நடும். சென்னையின் ஓ.எம்.ஆர். சாலை ஓரத்துச் சதுப்பு நிலத்தில் மண்ணைக் குவித்துக் குறிஞ்சி செய்வது திணை அறிவுக்கே எதிரானது. உங்கள் சைட் நெய்தல் என்றால் அதன் உப்புக்காற்று, மணல், நிலத்தடி நீர்மட்டம் ஆகியவற்றை அளந்து, அந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள்.

- செடிப் பட்டியலை சீனியரிடம் வாங்கி ஒட்டாதீர்கள். அப்படிக் கைமாறி வந்த பட்டியல்களால்தான் கொனோகார்பஸ் மரம் நாடெங்கும் பரவியது. சீக்கிரம் வளரும், பச்சை மாறாது, மாடு மேயாது என்று வைத்தார்கள். குஜராத் 2023-இல் அதற்குத் தடை போட்டது. தமிழ்நாடும் பின்னர் தடை விதித்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, குல்மோகர் போன்ற வெளிநாட்டு அழகு மரங்கள் நிறைய விழுந்தன. வேரைச் சுற்றி கான்கிரீட் போட்டு நெரித்ததால் விழுந்தவையும் உண்டு. ஆகவே எந்த மரம் என்பதோடு, அதற்கு எவ்வளவு மண் விடுகிறோம் என்பதையும் டிராயிங்கில் எழுதுங்கள்.

- மண்ணின் எடையை மறக்காதீர்கள். இன்றைய அடுக்ககங்களில் 'தோட்டம்' என்பது பெரும்பாலும் கார் பார்க்கிங்கின் கூரை. நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2 டன் எடை. புல்லுக்கு 30 செ.மீ. மண் போதும், நடுத்தர மரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். இதை ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரிடம் தூணும் பீமும் முடிவாவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் உங்கள் மரங்கள் எல்லாம் தொட்டிச் செடிகளாகிவிடும்.

- ரெண்டரிங்கில் இரவுகளைத் தொலைக்காதீர்கள். பத்து வயது மரத்தை முதல் நாளே காட்டும் படம் வாடிக்கையாளரையும் ஏமாற்றும், உங்களையும் ஏமாற்றும். நட்ட அன்று, மூன்றாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு என்று மூன்று செக்‌ஷன் வரைந்து காட்டுங்கள்.

3. பார்த்துப் படிக்கும்போது

செய்ய வேண்டியவை

- ஆரோவில்லுக்குப் போங்கள். 1968-இல் தொடங்கியபோது அந்த மேட்டு நிலம் அரித்துப்போன செம்மண் பொட்டல். அங்கே குடியேறியவர்கள் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். காடு அதனால் வந்தது. இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு அதைவிட நல்ல சாட்சி தமிழ்நாட்டில் இல்லை.

- சென்னையில் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பாருங்கள். அடையாறு முகத்துவாரத்தில் கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிய 58 ஏக்கரை மீட்டு, 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா ஒன்று. போவதற்கு முன் நுழைவு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் மற்றொன்று. முதலாவது மனிதர் திருத்தியது, இரண்டாவது மனிதர் விட்டுவைத்தது. நல்ல வடிவமைப்பாளர் இரண்டையும் செய்யத் தெரிந்தவர்.

- டெல்லிக்குப் போனால் சுந்தர் நர்சரியில் அரை நாள் உட்காருங்கள். 2018-இல் திறந்த இந்தப் பூங்காவை வடிவமைத்தவர் மறைந்த முகம்மது ஷாகீர். எஸ்.பி.ஏ.வில் தலைமுறைகளுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர் அவர். முகலாயச் சின்னங்களும் பழைய நர்சரியும் புதிய நடைபாதையும் ஒன்றையொன்று மறைக்காமல் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள்.

செய்யக்கூடாதவை

- கேமராவோடு மட்டும் போகாதீர்கள். அளவு டேப்பும் நோட்டும் வேண்டும். பெஞ்சின் உயரம், படியின் அகலம், ஓடும் வாய்க்காலின் ஆழம் ஆகியவற்றை அளந்தால்தான் அவை உங்கள் கைக்கு வரும்.

- வெயில் நாளில் மட்டும் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பூங்காவைப் பார்த்தால் ஒரு செமஸ்டர் வடிகால் பாடம் பத்து நிமிடத்தில் புரியும்.

- அலுவலகப் பயிற்சியை ஏ.சி. அறையிலேயே முடிக்காதீர்கள். பி.ஆர்க்.கில் வரும் பயிற்சிக் காலத்தில் வாரம் ஒரு நாளாவது சைட்டுக்கு அனுப்பும்படி கேளுங்கள். சரிவை நூல் கட்டிப் பிடிக்கும் மேஸ்திரியிடமும், குழி வெட்டும் தோட்டக்காரரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஏராளம். அவர்களை அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுப் பேசுங்கள். கட்டளை போட்டுக் கற்றுக்கொள்ள முடியாது.

4. வேலைக்குப் போகும்போது

செய்ய வேண்டியவை

- வேலை எங்கெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். தனி லேண்ட்ஸ்கேப் ஆலோசனை நிறுவனங்கள், பெரிய கட்டடக்கலை அலுவலகங்களின் லேண்ட்ஸ்கேப் பிரிவு, ரியல் எஸ்டேட் நிறுவனங்களின் சொந்த வடிவமைப்புக் குழு ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. நீர்நிலை மீட்பு, ஆற்றங்கரைத் திட்டங்கள், சுரங்கம் தோண்டிய நிலத்தைச் சீர்செய்தல், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, பாரம்பரியத் தோட்டங்களின் மீட்பு, கல்லூரி வளாகத் திட்டம், பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கான ஆலோசனை ஆகியவை அவ்வளவாகத் தெரியாதவை. முதுகலை முடித்தவர்களுக்குக் கல்லூரி ஆசிரியர் வேலையும் உண்டு.

- விதிமுறைகளைப் படியுங்கள். தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பெரிய மனைகளில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கச் சொல்கின்றன. அந்த 10 சதவீதம் பெரும்பாலும் யாருக்கும் பயன்படாத மூலையில் போய்ச் சேர்வதை எல்லா ஊரிலும் பார்க்கலாம். திட்டத்தின் முதல் வாரத்திலேயே தண்ணீர் இயல்பாகச் சேரும் இடத்தில் அதை ஒதுக்கச் சொல்லத் தெரிந்தவருக்கு அலுவலகத்தில் தனி மதிப்பு.

- போர்ட்ஃபோலியோவில் ஒரு ஜி.எஃப்.சி. டிராயிங் வையுங்கள். கட்டுமானத்துக்கு அனுப்பும் அந்த டிராயிங்கில் லெவல், கல் பதிக்கும் விவரம், தாவரப் பெயர், கன்றின் உயரம், இடைவெளி எல்லாம் தெளிவாக இருந்தால், நேர்காணலில் அதைத்தான் அதிக நேரம் பார்ப்பார்கள். கூடவே பி.ஓ.க்யூ. எனும் வேலை அளவுப் பட்டியல் ஒரு பக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

- இசோலாவில் சேருங்கள். இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகளின் சங்கம் அது. சின்னத் துறை, ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தெரிந்தவர்கள். வேலைவாய்ப்புகள் பாதி இந்த அறிமுகத்தில்தான் வருகின்றன.

செய்யக்கூடாதவை

- பதிவில்லாமல் 'ஆர்க்கிடெக்ட்' என்று விசிட்டிங் கார்டு அடிக்காதீர்கள். சட்டம் காப்பது அந்தப் பட்டப்பெயரை. வடிவமைக்கும் வேலையைச் செய்வதை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. ஆகவே பதிவில்லாதவர் வேலை செய்யலாம். பெயரில் மட்டும் கவனம் வேண்டும்.

- அரசு வேலை மட்டும் என்று காத்திருக்காதீர்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் தோட்டக்கலைப் பதவிகளுக்கு வேளாண், தோட்டக்கலைப் பட்டங்களைத்தான் கேட்கிறார்கள். மாநகராட்சிப் பூங்கா வேலைகள் பெரும்பாலும் ஆலோசகர்கள் வழியாக நடக்கின்றன. அரசு நிலத்தில் வேலை செய்ய அரசு ஊழியராக இருக்க வேண்டியதில்லை.

- முதல் சம்பளத்தை ஐ.டி. நண்பரோடு ஒப்பிடாதீர்கள். தொடக்கம் சின்னதாகத்தான் இருக்கும். முதல் மூன்று ஆண்டு, ஒரு வேலையாவது தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை கையில் கிடைக்கும் அலுவலகமாகப் பாருங்கள்.

5. வெளிநாடு என்றால்

செய்ய வேண்டியவை

- அந்த நாட்டின் அங்கீகாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் எல்.ஏ.ஏ.பி. என்ற வாரியம் அங்கீகரித்த பட்டமும் உரிமத்துக்கான எல்.ஏ.ஆர்.இ. தேர்வும், பிரிட்டனில் லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட்டின் சார்ட்டர்ட் தகுதியும் முக்கியம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் மூன்று ஆண்டு எம்.எல்.ஏ. (மாஸ்டர் ஆஃப் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) படிப்பில் வேறு துறைப் பட்டதாரிகளும் சேரலாம்.

- சிங்கப்பூரை யோசியுங்கள். நம்மைப் போன்ற வெப்பமும் மழையும் உள்ள ஊர். தேசியப் பல்கலைக்கழகத்தில் இளங்கலையிலேயே இந்தப் பட்டம் இருக்கிறது. பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. நேரான கான்கிரீட் கால்வாயை உடைத்து, சுமார் 3 கி.மீ. வளைந்து ஓடும் காலாங் ஆறாக 2012-இல் மாற்றினார்கள். மழைக்காலத்தில் புல்வெளி ஆறாகும். மழை விட்டதும் மறுபடி புல்வெளி. நம் ஊர்க் கால்வாய்களுக்குப் பாடமாக இருக்கும் வேலை.

செய்யக்கூடாதது

- பி.ஆர்க். இல்லாமல் வெளிநாட்டு எம்.எல்.ஏ. மட்டும் படித்துவிட்டு, இங்கே வந்து ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்யலாம் என்று நம்பாதீர்கள். திரும்பி வரும் எண்ணம் இருந்தால் கவுன்சில் விதியை விமானம் ஏறுவதற்கு முன் படியுங்கள்.

6. வேலை முடிந்த பின்

செய்ய வேண்டியது

- ஒப்பந்தத்தில் பராமரிப்புக் காலத்தை எழுதுங்கள். குறைந்தது ஓராண்டு. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கண்ட பிறகே கான்ட்ராக்டரின் கடைசித் தவணை போக வேண்டும். பட்டுப்போன கன்றை மாற்றித் தருவது யார் பொறுப்பு என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாததால் காய்ந்த பூங்காக்கள் நிறைய.

செய்யக்கூடாதது

- திறப்பு விழாவோடு அந்த இடத்தை மறக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை போய், வழித்தடத்தை விட்டு மக்கள் குறுக்கே நடந்து தேய்த்த புல், எதிர்பாராமல் தண்ணீர் தேங்கிய மூலை, யாரும் உட்காராத பெஞ்சு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலையில் முதல் கோடு போடும்போது அந்தக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே வரையக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.